திருடனுக்குப் போட்ட பூட்டு... ஓனரைப் பிடித்தால்?

பி.காம். படித்தவனுக்குக் 'காலம்' என்றால் லெட்ஜரில் போடுகிற கோடு. என்னைப் போலப் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் 'காலம்' என்றால் வாரம் ஒரு பக்கம். கல்யாணமானவனுக்குக் 'காலம்' என்றால்... வேண்டாம், வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

இது போக இன்னொரு காலம் இருக்கிறது. ஸ்டீயரிங் காலம்! கார் ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கி, முன் சக்கரங்களைத் திருப்புகிற அமைப்போடு போய்ச் சேர்கிற தண்டு, அதைச் சுற்றியிருக்கிற குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். அதற்கு ஒரு பூட்டு உண்டு. நல்ல காலத்தில் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. கெட்ட காலத்தில் டாஷ்போர்டில் குட்டியாக ஒரு விளக்கு எரியும். ஸ்டீயரிங் படம், பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் அல்லது ஓர் ஆச்சரியக்குறி. சில வண்டியில் மஞ்சள், சில வண்டியில் சிவப்பு.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களைத் தூங்க விடாத விளக்குகளில் இதுவும் ஒன்று. "என்கிட்ட இருக்கிறது ஸ்ப்ளெண்டர், எனக்கெதுக்கு ஸார் ஸ்போர்ட்ஸ் கார் சமாசாரம்?" என்று அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்கள் ஸ்ப்ளெண்டரில் இருப்பதும் இதே ஜாதிப் பூட்டுதான். விஷயம் பூட்டைப் பற்றியது மட்டுமல்ல. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியது.

சைடு லாக்கின் அண்ணன்

ஆபீஸ் வாசலில் பைக்கை நிறுத்துகிறீர்கள். ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒடிக்கிறீர்கள். சாவியை அமுக்கித் திருப்புகிறீர்கள். 'டக்'. சைடு லாக் விழுந்தாச்சு. உள்ளே நடந்தது என்ன? ஓர் இரும்பு முளை நீண்டு போய் எதிரே இருக்கிற பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது. இனி ஹேண்டில்பார் திரும்பாது. திருடன் பைக்கை வட்டம் போட்டுத்தான் உருட்ட வேண்டும்.

காரிலும் இதே கதை. ஸ்டீயரிங் தண்டைச் சுற்றிப் பல் பல்லாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். இக்னிஷன் பூட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்த முளை காத்திருக்கும். சாவியை உருவினால் முளை துள்ளி வெளியே வரும். பள்ளம் நேராக இருந்தால் உடனே விழும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அசைத்ததும் விழும்.

மேட்டுப்பாளையத்துக்காரனுக்கு இதைப் புரிய வைக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். எங்கள் ஊர் ஊட்டி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை எப்படி ஏறுகிறது? தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. எஞ்சினில் பல்சக்கரம். பல் போய்ப் பள்ளத்தில் விழுந்தால் அப்புறம் வழுக்கல் என்கிற பேச்சே கிடையாது. அங்கே பல் ரயிலை ஏற்றிவிடுகிறது. இங்கே ஒற்றைப் பல், ஸ்டீயரிங்கை அசைய விடாமல் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு சின்ன ரகசியம். முன் டயரை ரோட்டோரக் கல்லில் முட்டி நிறுத்தியிருந்தால், டயரின் அழுத்தம் முழுவதும் அந்த முளையின் தலையில் போய் உட்காரும். காலையில் சாவி திரும்பாது. 'என்னடா இது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினால் சாவிதான் உடையும். மருந்து சுலபம். ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். அழுத்தம் விலகுகிற அந்த ஒரு நொடியில் முளை உள்ளே போய்விடும். காசு செலவில்லை.

ஹீரோவின் பிழைப்பில் மண்!

முன்னெல்லாம் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஹீரோ அடுத்தவன் காரில் ஏறுவார். டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு இரண்டு ஒயரை உரசுவார். புஸ்ஸென்று பொறி பறக்கும், வண்டி கிளம்பிவிடும். நிஜத்திலும் இந்தத் தொழில் அமோகமாக நடந்தது. அதற்கு வைத்த ஆப்புதான் ஸ்டீயரிங் பூட்டு. ஒயரை உரசி எஞ்சினைக் கிளப்பலாம். ஆனால் வண்டி நேரே மட்டும்தான் போகும். முதல் வளைவு வரைக்கும் திருடன் சந்தோஷமாக இருக்கலாம்.

மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்திலேயே புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1969-ஆம் வருஷத்து மாடல்களில் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே அங்கே திருட்டுத் தடுப்புச் சட்டமும் வந்தது. பிரான்ஸில் 'நைமன்' கம்பெனிப் பூட்டு எவ்வளவு பிரபலம் என்றால், இக்னிஷன் பூட்டுக்கே அங்கே 'நைமன்' என்று பெயர் நிலைத்துவிட்டது. நாம் நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்கிற மாதிரி.

அதுவரை எல்லாம் சாவி, ஸ்பிரிங், முளை. கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. ஸ்பிரிங் இருந்த இடத்தில் ஒரு குட்டி மோட்டார். முளையை நீட்டுவதும் இழுப்பதும் மோட்டாரின் வேலை. 'உள்ளே வந்தாச்சா, இல்லையா?' என்று பார்த்துச் சொல்ல ஒரு குட்டி ஸ்விட்ச். அந்த ஸ்விட்ச் சொல்வதைக் கேட்டு எஞ்சினைக் கிளப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது கம்ப்யூட்டர். கிளார்க், சூப்பர்வைசர், மேனேஜர் என்று ஓர் ஆபீஸே ஸ்டீயரிங்குக்குக் கீழே உட்கார்ந்துவிட்டது. ஆபீஸ் என்று வந்துவிட்டால் ஃபைல் தேங்காமல் இருக்குமா?

டவேராவின் பணக்கார அண்ணன்

தேங்கியது. அதுவும் அமெரிக்காவின் செல்லப்பிள்ளையான கார்வெட்டில். நம்மூரில் ஷெவர்லே என்றால் டாக்ஸி ஸ்டாண்டில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலையேறிய டவேராதான் ஞாபகத்துக்கு வரும். அதே ஷெவர்லே குடும்பத்தில் பிறந்த பணக்கார அண்ணன் இந்த கார்வெட். இரண்டே ஸீட். 1997-இல் வந்த அதன் ஐந்தாம் தலைமுறைக்கு 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். 2004 மாடல் வரை இந்தத் தலைமுறை ஓடியது.

சாவியை உருவினால் மோட்டார் ஸ்டீயரிங்கைப் பூட்டும். சாவியைப் போட்டால் திறக்கும். திறக்காவிட்டால்? டாஷ்போர்டில் எழுத்து ஓடும். 'காலம் லாக்கை சர்வீஸ் செய்யவும்' என்று ஒரு செய்தி. 'சாவியை எடு, பத்து செகண்ட் பொறு' என்று இன்னொரு செய்தி. பணம் கொடுத்து வாங்கிய காரே பத்து எண்ணச் சொன்னால் ஓனருக்கு எப்படி இருக்கும்!

எண்ணியும் திறக்காவிட்டால் அடுத்த பாதுகாப்பு ஒன்று வைத்திருந்தார்கள். பூட்டு விழுந்த நிலையில் வண்டி கிளம்பி, நடை வேகத்தைத் தாண்டப் பார்த்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வண்டி அங்கேயே நிற்கும். எரிச்சல்தான். ஆனால் உயிர் பத்திரம்.

வினை எங்கே வந்தது தெரியுமா? பூட்டும் திறக்காமல், பெட்ரோலை நிறுத்துகிற அந்த ஏற்பாடும் சமயத்தில் காலை வாரிவிடலாம் என்று தெரிய வந்தது. அதாவது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி பாயும், ஸ்டீயரிங் மட்டும் திரும்பாது! 2004-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 1997 முதல் 2004 வரையிலான மாடல்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்வெட்களைத் திரும்ப அழைத்து, இலவசமாகச் சரிசெய்ய ஏற்பாடு செய்தது.

இதற்குள் ஓனர்கள் பலர் சொந்தமாக வைத்தியம் கண்டுபிடித்திருந்தார்கள். அதாவது ஒரு சின்ன டப்பா. பூட்டுக்குப் பதிலாக அதுவே கம்ப்யூட்டரிடம், 'எல்லாம் திறந்தாச்சு ஸார்' என்று பதில் சொல்லும். விளக்கு எரியாது, தொந்தரவு இல்லை. முளையை உள்ளே இழுத்த நிலையிலேயே நிரந்தரமாக நிறுத்திவிட்டு, அப்புறம் டப்பா மாட்டினால் சரி. முளை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மாட்டினால்? அந்தக் கேள்வி மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

உருளையின் கார்

கோயமுத்தூர்க்காரர்களுக்கு கார் என்றால் ஒரு தனிப் பைத்தியம். அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு பெயர் சொல்கிற கார் மியூஸியம் இருக்கிறது. பந்தயக் கார்களை இங்கேயே கட்டிக் காட்டிய கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தய மைதானம் இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதல் இந்தியராக இறங்கிய நரேன் கார்த்திகேயனும் கோயமுத்தூர்தான். இந்தக் காற்றைச் சுவாசிக்கிற பையன்களுக்கு ரெண்டு கதவு கார் மேல் ஆசை வராமல் எப்படி இருக்கும்?

என் சினேகிதன் ஒருவன். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி. பெயர் வேண்டாம், 'உருளை' என்றே வைத்துக்கொள்வோம். பதினைந்து வருஷம் ஓடிய ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். கம்பெனி பெயரும் வேண்டாம்.

"பாதி வெலைகூட இல்லீடா. கால்வாசி வெலையில முடிச்சுட்டேன்!"

பி.காம். மூளை சும்மா இருக்குமா? வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம். 100 ரூபாய்க்கு வாங்கின கார், பதினைந்து வருஷம் கழித்துப் புத்தகத்தில் 8 ரூபாய் 74 காசு. கணக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் புத்தகத்தில் எழுதாத ஒரு வரி உண்டு. காரின் விலை தேய்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் விலை தேய்வதில்லை! கால் விலைக்கு வாங்கின காருக்கும் முழு விலைக்குத்தான் பாகம் வாங்க வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைக்கிற தம்பிகள் இந்த வரியைக் கிழித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

உருளைக்குக் கோத்தகிரியில் பெண் பார்க்க ஏற்பாடு. ஸ்போர்ட்ஸ் காரில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஸீட் இரண்டுதான் என்பதால் அப்பா, அம்மா, அத்தை எல்லோரும் முன்னாடியே வேனில் போய்விட்டார்கள். துணைக்கு நான். பழம், பூ, ஸ்வீட் பாக்கெட் எல்லாம் என் மடியில். ஊர் எல்லையில் டீக்கடை பார்த்து நிறுத்தினான். டீ குடித்துவிட்டு வந்து பட்டனை அமுக்கினால் எஞ்சின் மூச்சு விடவில்லை. ஸ்டீயரிங் கல்லு மாதிரி இறுகி நிற்கிறது. டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு பூட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

தள்ளலாம் என்று நாலு பேர் கை வைத்தார்கள். ஸ்டீயரிங் பூட்டின வண்டியை எங்கே தள்ளுவது? நேரே தள்ளினால் டீக்கடை பாய்லர்!

காரமடைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் மொபெட்டில் வந்தார். வந்ததும் பானட்டைத் திறக்கவில்லை.

"ஏனுங், ரெண்டு பேரும் எறங்கிக் கதவைச் சாத்துங்க. சாவியக் கொண்டுட்டு அக்கட்டால போய் நில்லுங்க. வண்டி கொஞ்சம் தூங்கி எந்திரிக்கட்டும்."

"வண்டி தூங்குமாண்ணா?"

"கம்ப்யூட்டர் தூங்குமுங். நீங்க பக்கத்துல சாவியோட நின்னா அதுக்குத் தூக்கம் வராது."

பத்து நிமிஷம் கழித்து பேட்டரியில் மீட்டரை வைத்தார். 11.6 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். மூன்று வாரமாக ஷெட்டிலேயே நின்ற வண்டி. மண்டி பொலீரோவை வரவழைத்து, கேபிள் போட்டு கரண்ட் கொடுத்தார். உருளையை ஸ்டீயரிங்கை லேசாக ஆட்டச் சொன்னார். 'டக்'. விளக்கு அணைந்தது. எஞ்சின் உறுமியது.

உருளைக்கு உயிர் வந்தது. "ஏறுடா, நேரமாச்சு!"

"இருங் தம்பி. பேட்டரி கேஸு மட்டும்தானான்னு பார்த்துக்குவோம்" என்று ஸ்கேனரை மாட்டினார் அண்ணன். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் பழைய புகார்கள் இருந்தன. எல்லாம் ஸ்டீயரிங் பூட்டைப் பற்றியவைதான். விற்றவர் விளக்கை அணைத்துவிட்டு விற்றிருக்கிறார். புகாரை அழிக்கவில்லை. பேட்டரியும் சோர்வு, பூட்டு மோட்டாரும் சோர்வு.

உருளை உடனே கோயமுத்தூரில் யாருக்கோ போன் போட்டான். பூட்டை முழுசாக மாற்றி, கம்ப்யூட்டரில் பதிய வைத்தால் 48,000 ரூபாயாம். 'டப்பா' மாட்டினால் 6,000-தானாம். "அரை மணி நேர வேலை, இனி ஜென்மத்துக்கும் விளக்கு எரியாது" என்று அந்தப் பக்கம் உத்தரவாதம் வேறு.

மெக்கானிக் அண்ணன் சிரித்தார்.

"வெளக்கு எரியாதுங். ஆனா பூட்டு தொறந்துக்கும்னு அவரு சொன்னாருங்களா?"

உருளை முழித்தான்.

"டப்பா பண்ற வேலை ஒண்ணே ஒண்ணுங். தொறந்திருக்குன்னு பொய் சொல்லும். நெசமாவே தொறந்திருந்தாத் தப்பில்ல. தொறக்கலீன்னு வைங்க... இப்ப வண்டி கெளம்பாம நின்னு உங்களைக் காப்பாத்துச்சு பாருங், அது நடக்காது. வண்டி கெளம்பிரும். நீங்க கியரப் போட்டு ரோட்டுக்கு ஏறுவீங்க. மொத வளைவுல ஒடிக்கறப்பதான் தெரியும். பள்ளம் எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியுமுங்."

டீக்கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கோத்தகிரிக்கு மண்டி பொலீரோவில் போனோம். பின்னால் நாலு காலிச் சாக்கு, முன்னால் பட்டு வேட்டி. "பையன் பந்தா இல்லாம தொழில் வண்டியிலயே வந்திருக்கான், பொழைக்கிற புள்ள" என்று பெண்ணின் அப்பா சொன்னாராம். நாங்கள் ஏன் மறுத்துப் பேசப் போகிறோம்? பூட்டை அடுத்த மாதமே முழுசாக மாற்றினான். புது பேட்டரியும் போட்டான்.

ஆடிட்டர் சொன்னால் கேட்கணும்

கணக்குப் புத்தகத்தில் தப்பு இருந்தால் ஆடிட்டர் குறிப்பு எழுதுவார். சில முதலாளிகள் தப்பைத் திருத்துவார்கள். சில முதலாளிகள் ஆடிட்டரை மாற்றுவார்கள். எச்சரிக்கை விளக்கு ஓர் ஆடிட்டர். அதை வாயடைக்கச் செய்வது நமக்கெல்லாம் கைவந்த கலை. கறுப்பு டேப் ஒட்டுகிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்! ஆனால் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் வருகிற குறிப்பை மட்டும் கணக்குச் சரிக்கட்டுகிற வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பயமுறுத்தவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்டு தானாக விழாதபடிதான் இதைச் செய்கிறார்கள். பூட்டு கெட்டுப் போனால் பெரும்பாலும் நடப்பது உருளைக்கு நடந்ததுதான். வண்டி கிளம்பாது. அந்தக் கிளம்பாமைதான் பாதுகாப்பு. அதைச் செலவு செய்து கழற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பதறி பட்டனைப் பத்துத் தடவை அமுக்காதீர்கள். வண்டியை அணைத்து, இறங்கி, கதவைச் சாத்தி, சாவியோடு தள்ளி நின்று பத்து நிமிஷம் பொறுங்கள்.

2. திரும்ப முயலும்போது ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம்.

3. பேட்டரியைச் சோதியுங்கள். முதல் சந்தேகம் எப்போதும் அதன் மேல்தான். வாரக்கணக்கில் நிற்கிற வண்டி என்றால் இன்னும் அதிகம்.

4. விளக்கு அணைந்துவிட்டாலும் ஸ்கேனர் போட்டுப் பழைய புகார்களைப் பாருங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.

5. கிளம்பியதும் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் கியர். இரண்டு செகண்ட் வேலை.

6. திறக்கவே இல்லையா? கயிறு கட்டி இழுக்காதீர்கள். மேலே ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைக் கூப்பிடுங்கள். நல்ல வண்டியைக் கயிற்றில் இழுத்தாலும் சாவியை உருவக் கூடாது. உருவினால் முளை காத்திருக்கிறது.

7. பூட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, முளை இனி தண்டைத் தொடவே முடியாது என்று கண்ணால் பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள்.

இறக்கத்தில் சாவியைத் தொடாதே!

எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர் இறக்கம். 'எதுக்கு பெட்ரோலை வீணாக்கணும்?' என்று வண்டியை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற மகானுபாவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கனக்கும். இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பிரேக் கட்டை மாதிரி ஆகும். அதோடு பழக்க தோஷத்தில் சாவியை ஒரு சுற்று அதிகம் திருப்பி உருவிவிட்டால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

மிச்சமாவது உண்டா என்றால் அதுவும் கிடையாது. இப்போதைய ஃப்யூயல் இஞ்செக்ஷன் எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். செலவும் இல்லை, எஞ்சின் பிரேக்கும் இலவசம். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதில் கணக்கும் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சாவிக்கொத்து. பீரோ சாவி, ஆபீஸ் சாவி, பாட்டில் ஓப்பனர், பழனி முருகன் டாலர் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ தொங்கவிட்டிருப்பீர்கள். 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் சின்னக் கார்களைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் ஸ்விட்ச் இறுக்கமாக இல்லை. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, வண்டி குலுங்கினாலோ சாவி தானே திரும்பி எஞ்சின் நின்றுவிடும். பவர் ஸ்டீயரிங் போச்சு, காற்றுப் பையும் வேலை செய்யாது. 124 பேர் இறந்ததற்குக் கம்பெனி தரப்பில் நஷ்டஈடு ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரு சின்ன ஸ்விட்ச்! அதனால் வண்டிச் சாவியைத் தனியாக வையுங்கள். முருகன் டாஷ்போர்டில் உட்கார்ந்தும் காப்பாற்றுவார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பூட்டு என்பது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம். திருடன் வரும்போது மூடியிருக்க வேண்டும், ஓனர் வரும்போது திறந்திருக்க வேண்டும். இந்த இரண்டில் எது நிச்சயமில்லை என்றாலும் அது வாயைத் திறந்து சொல்கிறது, மஞ்சளாகவோ சிவப்பாகவோ. கேட்டுக்கொண்டால் பேட்டரி செலவோடு போகும். ரொம்பப் போனால் ஒரு பூட்டு செலவு. கேட்காமல் வாயை அடைத்தால் எந்த லெட்ஜரிலும் எழுத முடியாத செலவு.

எனவே தம்பிகளே, காலத்தின் எச்சரிக்கையை மதியுங்கள். வண்டிக்கும் உங்களுக்கும் நல்ல காலம்தான்!